ஓர் ஊர் எதனால் ஊராகிறது? பாடியை முன்வைத்து ஒரு மதிப்பீடு

ஓர் ஊரை ஊராக நிறுத்தி வைப்பது எது? கோயிலா, நிலவுரிமையா, அரசா, தண்ணீரா? தமிழ்நாட்டுச் சமூக வரலாற்றில் இந்தக் கேள்விக்கு வயது இருநூறுக்கு மேல் ஆகிறது. தலபுராணக்காரர்களையும் விடை சொன்னவர்களில் சேர்த்துக்கொண்டால் இன்னும் கூடும். ஆனால் விடை தேடியவர்கள் பெரும்பாலும் உத்தரமேரூர் போலப் பேர்பெற்ற ஊர்களையோ, காவிரிப் படுகையின் வயற்காட்டு ஊர்களையோதான் எடுத்துக்கொண்டார்கள். பட்டணத்தின் விளிம்பில் இருந்து, பிறகு பட்டணத்துக்குள்ளேயே அடங்கிப்போன சிற்றூர்களை வைத்து அந்த விடைகளைச் சோதித்துப் பார்த்தவர்கள் குறைவு.

மேற்குச் சென்னையிலுள்ள பாடி அப்படியோர் ஊர். ஏழாம் நூற்றாண்டுத் தேவாரத்தில் இடம்பெற்ற தலம் இங்கே இருக்கிறது. கம்பெனி ஆட்சியின் தொடக்ககால நிலவருவாய்ப் பரிசோதனைகள் நடந்த செங்கல்பட்டு ஜாகீரின் பகுதி இது. 1960-களில் இந்தியாவின் வாகன உதிரிபாகத் தொழில் வேர்விட்ட இடங்களில் ஒன்று. 2011 முதல் சென்னை மாநகராட்சியின் அம்பத்தூர் மண்டலத்தில் இருக்கிறது. ஊரைப் பற்றிய ஒவ்வொரு கொள்கையும் தனக்கான சான்றைப் பாடியில் கண்டுபிடித்துவிடலாம். ஒவ்வொன்றும் இடறுகிற இடத்தையும் இங்கேயே காட்டிவிடலாம்.

நிலத்தின் கிடப்பு

பாடி கூவத்துக்கும் கொசஸ்தலையாற்றுக்கும் இடைப்பட்ட தாழ்சமவெளியில் இருக்கிறது. வடக்கே கொரட்டூர், கிழக்கே வில்லிவாக்கம், மேற்கே மண்ணூர்பேட்டையும் அம்பத்தூர் தொழிற்பேட்டையும், தென்மேற்கே முகப்பேர். தெற்கே கூவத்தை ஒட்டி இருக்கும் பாடிக்குப்பத்தின் பெயரும் இந்த ஊரின் பெயரைத் தாங்கியே நிற்கிறது. மலை இல்லை, வற்றாத ஆறு இல்லை. ஆண்டுக்கு ஏறக்குறைய 1,400 மில்லிமீட்டர் மழை; அதில் பெரும்பங்கு ஐப்பசியிலும் கார்த்திகையிலும் கொட்டித் தீர்ந்துவிடும். மீதி மாதங்களுக்கு அந்த நீரைத் தேக்கி வைத்தால்தான் பயிர். தொண்டை மண்டலம் முழுவதும் ஏரி மண்டலமாக ஆனதற்குக் காரணம் இதுதான்.

இன்னொரு கூறு சாலை. பழைய ஆட்கள் எம்.டி.எச். ரோடு என்று சொல்லும் சென்னை–திருவள்ளூர் நெடுஞ்சாலை பாடியின் நடுவே போகிறது. திருப்பதிக்கும் அதுவே வழி. 1856 ஜூலையில் ராயபுரத்திலிருந்து வாலாஜா சாலைக்குத் தென்னிந்தியாவின் முதல் ரயில் ஓடிய தடம் வில்லிவாக்கம், அம்பத்தூர், ஆவடி வழியாகவே போடப்பட்டது. ஆக, பாடி ஒருநாளும் ஒதுக்குப்புறமான ஊராக இருந்ததில்லை. பின்னால் சொல்லப்போகும் வாதங்களை எடைபோடுகையில் இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கோயிலே ஊர் என்னும் விடை

முதல் விடை மிகப் பழையது: ஊருக்கு முன்பே கோயில் இருந்தது, கோயிலைச் சுற்றி ஊர் வந்தது. பாடியில் இதற்குச் சான்று திருவலிதாயம். திருஞானசம்பந்தர் பாடிய முதல் திருமுறையில் மூன்றாம் பதிகமே இந்தத் தலத்துக்குரியது. தொண்டை நாட்டில் பாடல் பெற்ற 32 தலங்களில் இது ஒன்று. இறைவன் வலிதாயநாதர் அல்லது திருவல்லீஸ்வரர், இறைவி ஜகதாம்பிகை. பரத்வாசர் வலியன் என்னும் கரிக்குருவி வடிவில் வந்து வழிபட்டார் என்கிறது தலபுராணம். குருபகவான் வழிபட்ட இடம் என்ற நம்பிக்கையால் வியாழக்கிழமைகளிலும் குருப்பெயர்ச்சியின்போதும் கூட்டம் அலைமோதும். கருவறை விமானம் யானையின் பின்புறம் போல வளைந்த தூங்கானை மாடம். பல்லவர், சோழர் காலத்துத் தொண்டை நாட்டுக் கட்டடக் கலை விரும்பிக் கையாண்ட வடிவம் அது. திருவொற்றியூரிலும் அதைக் காணலாம்.

கோயிலை மையமாக வைத்துப் பார்க்கும் இந்தப் பார்வை பக்தர்களோடு நின்றுவிடவில்லை. கோயில் நிலம், பொன், ஆடுமாடு ஆகியவற்றைப் பெற்றுப் பங்கிட்டுக் கொடுத்த நிறுவனம் என்று காட்டிய வரலாற்றாசிரியர்களும் கோயிலை ஊர்ப் பொருளாதாரத்தின் அச்சாக வைத்தார்கள். அதில் உண்மை இருக்கிறது. விளக்கெரிக்க விட்ட ஆடுகளும், நந்தவனத்துக்கு விட்ட நிலமும், அவற்றைப் பராமரிக்கப் பொறுப்பேற்ற ஊராரும் இந்தப் பகுதிக் கோயில்கள் பலவற்றின் கல்வெட்டுகளில் திரும்பத் திரும்ப வருகிறார்கள்.

இந்த விடை பலவீனப்படும் இடம் வேறு. பதிகம் தலத்தைப் பாடுகிறது. அதைச் சுற்றி உழுதவர்களைப் பற்றி நமக்கு ஒன்றும் சொல்வதில்லை. கோயில்தான் கல்லில் எழுதி வைத்தது என்பதால் எல்லாமே கோயிலிலிருந்து தொடங்கியது போலத் தோன்றுகிறது. எழுதி வைக்காத களத்துமேடும் மேய்ச்சல் புறம்போக்கும் கோயிலுக்கு முந்தியவையாக இருந்திருக்கக் கூடும். பாடியின் மேற்குத் திசையில் கொசஸ்தலையாற்றங்கரையிலுள்ள அத்திரம்பாக்கத்தில் கிடைத்த கற்கருவிகளின் காலம் 15 லட்சம் ஆண்டுகளைத் தொடுகிறது என்று 2011-இல் வெளியான ஆய்வு காட்டியது. அந்த ஆதிமனிதருக்கும் இன்றைய ஊருக்கும் தொடர்ச்சி எதுவும் இல்லைதான். ஆனாலும் இந்த நிலத்தில் மனிதர் நடமாட்டத்துக்குக் கோயிலைத் தொடக்கப் புள்ளியாக வைக்க முடியாது என்பதை அது நினைவூட்டுகிறது.

படையா, மந்தையா

பெயரை வைத்து வரலாறு சொல்வதும் நெடுநாள் பழக்கம். பாடி என்பது முல்லை நிலத்து ஊரைக் குறிக்கும். படை இறங்கிய இடத்தையும் குறிக்கும். நிகண்டுகள் இரண்டுக்கும் இடம் தருகின்றன. ஆயர் குடியிருப்பு என்பவர்கள் ஊருக்குள் இன்றும் இருக்கும் யாதவாள் தெருவைச் சுட்டலாம்; ஆனால் ஒரு தெருப்பெயரின் வயது என்ன என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. படைவீடு என்பவர்கள் தொண்டைமான் கதையைத் துணைக்கு அழைக்கிறார்கள். புழலில் மண்கோட்டை கட்டி ஆண்ட குறும்பர்களை ஆதொண்டைச் சோழன் வென்று, காட்டை அழித்து, வேளாளரைக் குடியேற்றினான் என்பது அந்தக் கதை. அருகிலுள்ள திருமுல்லைவாயில் கோயிலில் இருக்கும் இரண்டு எருக்கந்தூண்கள் குறும்பர் கோட்டையிலிருந்து கொண்டுவரப்பட்டவை என்று இன்றும் காட்டுகிறார்கள்.

பெயர் விளக்கம் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அது ஊகமாகவே நிற்கும். ஆனால் அந்தக் கதையைத் தள்ளிவிட முடியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காலின் மெக்கன்சியின் ஆட்கள் தொண்டை மண்டலத்தில் குறும்பர் கதைகளைத் திரட்டினார்கள். அதே காலத்தில் நிலவுரிமை வழக்குகளில் அதே கதை சாட்சியம் ஆனது. குறும்பரை வென்று நிலம் திருத்தியவர்களின் வழித்தோன்றல்கள் நாங்கள், ஆகவே இந்த மண்ணின் மூல உரிமை எங்களுடையது என்று ஊர் நிலத்தில் பரம்பரைப் பங்கு கொண்ட மிராசுதாரர் தரப்பு வாதாடியது. மேய்ச்சல்காரரான குறும்பரைத் துரத்திய கதையே உழவு நிலத்துக்குப் பத்திரமாக மாறிய விதத்தை, பெயர்க்காரணம் தேடுவோர் கவனிப்பதில்லை. தோற்றவர்களின் தரப்பு எங்கும் எழுதப்படவில்லை. அந்த மௌனத்தையும் சான்றாக எடுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

நாடும் கோட்டமும்

கல்வெட்டாய்வாளர்கள் கேள்வியையே மாற்றிப் போட்டார்கள். தொண்டை மண்டலம் மரபாக 24 கோட்டங்களாகப் பகுக்கப்பட்டிருந்தது. இராசராசன் காலத்தில் அது செயங்கொண்ட சோழமண்டலம் ஆயிற்று. கோட்டத்துக்குள் நாடு, நாட்டுக்குள் ஊர். திருவொற்றியூர் உட்பட இந்த வடபகுதி புழற்கோட்டத்தைச் சேர்ந்தது. 1973-இல் வெளிவந்த தம் ஆய்வில் எ.சுப்பராயலு, நாடு என்பது அரசன் மேலிருந்து வரைந்த நிர்வாக எல்லை அல்ல, நீர்வளத்தை ஒட்டி உழவர் குடியிருப்புகள் தாமாகத் திரண்டு உருவான தொகுதி என்று வாதிட்டார். பர்ட்டன் ஸ்டைன் 1980-இல் இதை இன்னும் நீட்டி, சோழ அரசே இத்தகைய தன்னாட்சித் தொகுதிகளின் தளர்ந்த கூட்டு என்றார். நொபொரு கராஷிமா போன்றோர் அதை ஏற்கவில்லை; நில அளவை, வரி, அதிகாரிகளின் பெயர்கள் இவையெல்லாம் வலுவான மைய அரசைக் காட்டுகின்றன என்றார்கள்.

அரசு வலுவானதா தளர்ந்ததா என்ற விவாதம் பாடியை வைத்துத் தீரப்போவதில்லை. ஆனால் சுப்பராயலுவின் கணிப்பில் ஒன்று நமக்கு முக்கியம்: தனி ஊர் அல்ல, ஊர்களின் கொத்துதான் அடிப்படை அலகு. அதற்கு முன்பு இருந்த பொதுப்புத்தி இதற்கு நேர்மாறானது. முதலாம் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் குடவோலை முறையையும் ஏரி வாரியத்தையும் விரிவாகச் சொன்னதால், ஒவ்வொரு தமிழ் ஊரும் அப்படித் தன்னைத் தானே ஆண்டுகொண்டது என்று பள்ளிப் பாடநூல்கள் வரை பரவியது. உத்தரமேரூர் பிரமதேயம், அங்கே இருந்தது பிராமணர் சபை. வேளாளர் ஊர்களின் கூட்டம் எப்படிக் கூடியது, யார் பேசினார்கள் என்பதற்கு அதே அளவு விரிவான ஆவணம் கிடையாது. பாடி போன்ற ஊருக்கு உத்தரமேரூரின் சட்டையை மாட்டுவது பொருந்தாது.

மிராசும் 'சிறு குடியரசும்'

செங்கல்பட்டுச் சீமைதான் இந்தக் கேள்வியை உலக விவாதமாக ஆக்கியது. 1763-இல் ஆற்காட்டு நவாப் முகமது அலி இந்தப் பகுதியைக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். 1767 தொடங்கி சில ஆண்டுகள் தாமஸ் பர்னார்ட் என்ற பொறியாளர் ஊர் ஊராக அளந்தார். வீடுகள், ஏரிகள், தோப்புகள், நன்செய், புன்செய் மட்டுமல்ல, விளைச்சலில் யாருக்கு எவ்வளவு மேரை, யாருக்கு மானியம் என்பதும் அந்தக் கணக்கில் ஏறியது. கணக்கன், தலையாரி, நீர் பாய்ச்சுபவர், தச்சர், கொல்லர், குயவர், வண்ணார், நாவிதர், வெட்டியான், கோயில், மடம் எல்லோருக்கும் களத்து மேட்டிலேயே பங்கு பிரிந்தது.

1780-இல் ஐதர் அலியின் படை வந்தது. சீமை பாழாயிற்று, ஊர்கள் காலியாயின, ஏரிகள் உடைந்து கிடந்தன. 1794 முதல் 1798 வரை கலெக்டராக இருந்த லயோனல் பிளேஸ் அதைத் திரும்ப நிலைநிறுத்த முயன்றார். மதுராந்தகம் ஏரி உடையாமல் ராமர் காத்ததாகச் சொல்லும் கோயில் கதையில் வரும் கலெக்டர் துரை இவரே. மழைக்கொட்டலில் இரவு கரைமீது வில்லேந்திய இருவர் காவல் நின்றதைத் துரை கண்டார் என்றும், பிறகு தாயார் சன்னதி கட்ட உதவினார் என்றும் கதை போகிறது. ஒரு கலெக்டரின் வெற்றி தோல்வி ஏரிக்கரையில் தீர்மானமானது என்பதை மக்கள் எவ்வளவு நன்றாக அறிந்திருந்தார்கள் என்பதற்கு இந்தக் கதை ஒன்றே போதும்.

பிளேஸ் மிராசு உரிமையை அங்கீகரித்தார். மிராசுதாரர்கள், பெரும்பாலும் வேளாளரும் பிராமணரும், ஊரைப் பங்குகளாக வைத்திருந்தார்கள். ஒரு குறிப்பிட்ட வயல் இவருடையது என்பதைவிட, ஊரின் மொத்த விளைவில் இத்தனை பங்கு என்பதே உரிமை. பல இடங்களில் வயல்களைக் குறித்த காலத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொண்டார்கள். 1816-இல் கம்பெனி அதிகாரி எஃப்.டபிள்யூ. எல்லிஸ் மிராசு குறித்து விரிவான விளக்கம் எழுதி, அது தொன்மையான கூட்டுச் சொத்துரிமை என்று நிறுவ முயன்றார். இன்னோர் அதிகாரியான தாமஸ் மன்றோவின் அணி இதை ஐயத்தோடு பார்த்தது. தனித்தனி உழவரிடம் நேரே வரி வாங்கும் ரயத்துவாரியே முடிவில் வென்றது.

இதற்கிடையே 1812-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் ஐந்தாம் அறிக்கை ஊர் அலுவலர்களின் பட்டியலோடு ஊரை ஒரு சிறு கூட்டாண்மையாகச் சித்தரித்தது. 1830-இல் சார்லஸ் மெட்காஃப் ஊர்ச் சமுதாயங்களைச் சிறு குடியரசுகள் என்றார்: அரச வமிசங்கள் போகும் வரும், ஊர் அப்படியே இருக்கும் என்பது அவர் கருத்து. 1853-இல் மார்க்ஸ் அமெரிக்கப் பத்திரிகை ஒன்றில் எழுதிய கட்டுரைகளில் இதே சித்திரம் வந்தது, ஆனால் தலைகீழான மதிப்போடு: அசையாத இந்த ஊர்தான் கொடுங்கோன்மைக்கு அடித்தளம் என்றார். ஹென்றி மெய்ன் 1871-இல் ஐரோப்பிய ஊர்களோடு ஒப்பிட்டார். காந்தி கிராம சுயராஜ்யத்தில் அதற்கு அறப்பொருள் கொடுத்தார். ஒரே சித்திரத்தை ஏகாதிபத்திய அதிகாரியும் புரட்சிக்காரரும் சத்தியாக்கிரகியும் பயன்படுத்திக்கொண்டது வியப்புக்குரியது. அந்தச் சித்திரத்தின் மூலப் பொருள்களில் கணிசமான பங்கு தமிழ்ச் சீமையின் கணக்குகளிலிருந்து போனது.

இருபதாம் நூற்றாண்டின் கடைசியில் இரண்டு எதிரெதிர் வாசிப்புகள் எழுந்தன. ஆய்வாளர் தரம்பால், பர்னார்டின் கணக்குகளை மீட்டெடுத்து, கம்பெனிக்கு முன் ஊர் தன் வருவாயைத் தானே பகிர்ந்து தன்னை நடத்திக்கொண்டது என்றார். சென்னையில் ஜே.கே.பஜாஜும் எம்.டி.சீனிவாசும் அந்தப் பணியைத் தொடர்ந்து, அன்றைய விளைச்சலும் உணவு மிகுதியும் பின்னாளில் காணாதவை என்று வாதிட்டார்கள். 1994-இல் யூஜின் இர்ஷிக் வேறு திசையில் போனார். நிலையான, வேரூன்றிய தமிழ் ஊர் என்ற கருத்தே 1795-க்கும் 1895-க்கும் இடையில் துரைமாரும் உள்ளூர் மக்களும் பேசிப் பேசி உருவாக்கியது. அதற்கு முன்பு இந்தச் சீமையில் மக்கள் இடம் பெயர்ந்தபடியே இருந்தார்கள் என்பது அவர் முடிவு.

இரண்டிலும் எடுத்துக்கொள்ள வேண்டியது உண்டு. தரம்பால் வழியினர் காட்டிய பங்கீட்டு நுணுக்கம் உண்மையானது. அதை வெறும் கற்பனை என்று ஒதுக்குவது அநியாயம். ஆனால் பங்குக் கணக்கு என்பது என்ன தரவேண்டும் என்று எழுதி வைத்தது. உண்மையில் எவ்வளவு தரப்பட்டது என்பதற்கு அது மட்டும் சாட்சி ஆகாது. இர்ஷிக் சொல்வதுபோல் எல்லாம் பேச்சில் பிறந்தது என்றால், அதற்கு முன்பே மண்ணில் கிடந்த ஏரிக்கரைகளையும் மதகுகளையும் எங்கே வைப்பது? கரை என்பது ஒரு தலைமுறையில் கட்டி முடிந்துபோகும் பொருள் அல்ல. ஆண்டுதோறும் மண் போட்டுக் காத்தால்தான் நிற்கும். அதற்கு நிலைத்த ஆட்கள் வேண்டும்.

சேரி எந்தக் கணக்கில்?

மேலே சொன்ன விடைகளுக்கெல்லாம் பொதுவான ஒரு குறை உண்டு. எல்லாம் ஊரைப் பற்றிப் பேசின, சேரியை விட்டுவிட்டன. மிராசு ஊரில் நாற்று நட்டவர், கரைக்கு மண் சுமந்தவர், நீரை வாய்க்காலில் திருப்பியவர் பெரும்பாலும் நிலமற்ற, பலர் அடிமைப்பட்ட பறையர் சமூகத்தவர். பங்குக் கணக்கில் அவர்களுக்கும் ஏதோ ஒரு மேரை உண்டு. ஊரின் முடிவில் குரல் கிடையாது. 1891-இல் செங்கல்பட்டு கலெக்டர் டிரெமென்ஹீர் எழுதிய அறிக்கை இதை மறைக்காமல் சொன்னது: குடியிருக்கும் மனைகூட அவர்களுடையதாக இல்லை, தரிசு நிலம் கேட்டால் மிராசுதாரருக்கே முதலுரிமை. அதன் தொடர்ச்சியாகத்தான் 1892-இல் பஞ்சமி நில ஒதுக்கீட்டுக்கான ஆணை வந்தது.

1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் மெட்காஃபின் சிறு குடியரசையே நேராக எடுத்து மறுத்தார். ஊர் நிலைத்து நின்றது என்பதனாலேயே அதற்கு மதிப்பு வந்துவிடாது, எந்த நிலையில் நின்றது என்பதே கேள்வி என்பது அவர் வாதத்தின் சாரம். எம்.என்.சீனிவாசும் லூயி துய்மோனும் சமூகவியல் வழியில் சென்று, தன்னிறைவு பெற்ற தனி ஊர் எங்குமே இருந்ததில்லை என்றார்கள். உப்பும் இரும்பும் வெளியிலிருந்து வந்தன, பெண் கொடுத்து எடுப்பது ஊருக்கு வெளியே, சந்தையும் திருவிழாவும் பல ஊருக்குப் பொது. இந்த விமர்சனத்துக்கு இதுவரை தக்க மறுப்பு வந்ததாகத் தெரியவில்லை. ஊர் என்று பேசும்போது சேரியையும் சேர்த்துத்தான் பேசுகிறோமா என்பதை ஒவ்வோர் ஆய்வாளரும் முதல் பக்கத்திலேயே சொல்லிவிடுவது நல்லது.

ஆலை வந்த பின்

ஆலை வந்தது, ஊர் போனது என்பது புதிய விடை. பாடியில் இதற்கு ஆண்டோடு ஆதாரம் இருக்கிறது. டி.வி.எஸ். குழுமம் பிரிட்டிஷ் நிறுவனங்களின் கூட்டுறவோடு அடுத்தடுத்துத் தொடங்கியவை: 1960-இல் வீல்ஸ் இந்தியா, 1961-இல் லூகாஸ் டி.வி.எஸ்., 1962-இல் பிரேக்ஸ் இந்தியாவும் சுந்தரம் கிளேட்டனும். சக்கரம், டைனமோ, பிரேக் என்று ஒரு லாரிக்கு வேண்டிய உறுப்புகள் பல ஒரே ஊரைச் சுற்றி உருவாயின. எண்ணூரில் லாரி, பெரம்பூரில் 1955 முதல் ரயில் பெட்டி, அம்பத்தூரில் சைக்கிள், ஆவடியில் பீரங்கி வண்டி என்றிருந்த வட்டத்துக்கு நடுவே, சாலையும் ரயிலும் கைக்கெட்டும் தூரத்தில் சமநிலம் கிடைத்ததுதான் காரணம். அம்பத்தூர் தொழிற்பேட்டை அடுத்த சில ஆண்டுகளில் வந்து சேர்ந்தது. 1998-இல் சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு ஜப்பானின் டெமிங் விருதைப் பெற்றது.

ஊரின் அடையாளங்களும் மாறின. பேருந்தில் நடத்துநரிடம் லூகாஸ், பிரிட்டானியா என்று ஆலைப் பெயர் சொல்லித்தான் சீட்டு வாங்குகிறார்கள். தெற்கே நடுவக்கரை ஊர் அண்ணா நகர் ஆயிற்று. 1968-இல் அங்கே வணிகக் கண்காட்சி நடந்தது. உள்வட்டச் சாலையும் அதன்மேல் இலைவடிவ மேம்பாலமும் வந்தன. வில்லிவாக்கத்திலிருந்து அண்ணா நகருக்கு 2003-இல் விட்ட ரயில் சில ஆண்டுகளிலேயே நின்றுபோனது.

ஆனால் ஊர் போய்விட்டதா? ஒப்பிட்டுப் பார்க்க ஓர் ஊர்: போலந்தின் கிராக்கோவ் நகரருகே மொகிவா என்ற சிற்றூர் இருந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டு முதல் அங்கே சிஸ்டெர்சியத் துறவியர் மடம் இருக்கிறது. 1949-இல் அந்த வயல்கள்மேல் நோவா ஹுத்தா என்ற உருக்காலை நகரைக் கட்டத் தொடங்கினார்கள். தேவாலயம் இல்லாத நகரமாகத் திட்டமிட்டார்கள். 1960-இல் சிலுவை ஒன்றை அகற்ற வந்தபோது தொழிலாளர் தெருவில் இறங்கினார்கள். 1977-இல் புதிய தேவாலயம் எழுந்தது. மடம் இன்றும் இருக்கிறது. அங்கே அரசு அழிக்க நினைத்ததை மக்கள் காத்தார்கள். பாடியில் கோயிலுக்கு எந்த ஆபத்தும் வரவில்லை; அது முன்னைவிடச் செல்வாக்கோடு நிற்கிறது. போனவை வயலும் நீரும். அவற்றுக்காகத் தெருவில் இறங்க அன்று ஆள் இல்லை.

சட்டத்தின் கண்ணிலும் ஊர் சாகவில்லை. இந்தப் பகுதியின் கிரயப் பத்திரத்தை எடுத்துப் பார்த்தால் அம்பத்தூர் வட்டம், பாடி கிராமம், சர்வே எண் என்றுதான் சொத்து விவரம் தொடங்கும். பரம்பரைக் கணக்குப்பிள்ளைப் பதவி 1980-இல் ஒழிந்தது. வட்டம் 2018-இல் திருவள்ளூரிலிருந்து சென்னை மாவட்டத்துக்கு மாறியது. இருந்தும் கிராமம் என்ற சொல் பத்திரத்தில் இருக்கிறது, நத்தம் நிலத்துக்குத் தனி விதி இருக்கிறது.

ஆய்வுமுறையிலும் ஒரு கோளாறு உண்டு. சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் மாணவர்களைக் கொண்டு நடத்திய ஊராய்வு 1918-இல் நூலாயிற்று. இருவேல்பட்டு, தூசி, பாலக்குறிச்சி முதலிய அந்த ஊர்களைப் பிறகு பலமுறை மறு ஆய்வு செய்தார்கள். உலகில் அப்படித் தொடர்ந்து கவனிக்கப்பட்ட ஊர்கள் அதிகம் இல்லை. ஆனால் அவை ஊராகவே எஞ்சியவை. நகரத்துக்குள் போன ஊர் கிராம ஆய்வாளர் பட்டியலிலும் இடம்பெறுவதில்லை, நகர ஆய்வாளர் பார்வையிலும் படுவதில்லை.

ஏரிச் சங்கிலி

எல்லா விடைகளையும் அடுக்கிப் பார்த்தபின், மிக வலுவாக நிற்பது தண்ணீர் என்றே தோன்றுகிறது. ஆனால் அது பாடியின் தண்ணீர் மட்டும் அல்ல. அம்பத்தூர் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியே உபரி கொரட்டூர் ஏரிக்கு வரும்; அது நிரம்பினால் மாதவரம் ரெட்டேரிக்குப் போகும். மேலூர்க்காரன் கலங்கலை உயர்த்தினால் கீழூர் காயும்; கரை உடைந்தால் கீழூர் முழுகும். ஆகவே எவ்வளவு உயரத்தில் கல் வைப்பது, எப்போது மதகைத் திறப்பது, போக்குக் கால்வாயை யார் தூர்வாருவது என்பதில் எந்த ஊரும் தனியாக முடிவெடுக்க முடியாது. சுப்பராயலு சொன்ன நாடு என்னும் தொகுதி இங்கே கண்ணுக்குத் தெரியும் உருவம் பெறுகிறது. தன்னிறைவு ஊர் என்ற சித்திரம் ஏன் பொருந்தவில்லை என்பதும் தெளிகிறது.

ஊர்களுக்கும் ஏரிகளுக்கும் இருந்த இந்த உறவு ஒரே நாளில் அறுந்துவிடவில்லை. 1858-இல், ஊரார் கூடி ஏரியைப் பராமரிக்கும் குடிமராமத்தைச் சட்டமாக்கி, மரபான பொறுப்பைக் கட்டாய வேலையாக மாற்றினார்கள். 1872-இல் புழல் ஏரி நீர் பட்டணத்துக்குக் குடிநீராகப் போகத் தொடங்கியது; ஏரியின் எஜமான் அன்று முதல் வயல் அல்ல. 1960-களுக்குப் பிறகு ஆயக்கட்டே மனையும் ஆலையுமானது. வயல் இல்லாத ஏரிக்கு மதகைத் திறக்க ஆள் தேவையில்லை. கழிவு வந்து விழுந்தாலும் முறையிட உழவன் இல்லை. 2015 டிசம்பரில் கொரட்டூரிலும் முகப்பேரிலும் வீட்டுக்குள் புகுந்த வெள்ளம், அந்தப் பழைய போக்குக் கால்வாய்களின் தடத்தைத் தேடி வந்த நீர்தான்.

இந்தக் கருத்துக்கும் வரம்பு உண்டு. நீரைக் கூட்டாக ஆண்டார்கள் என்பதால் நியாயமாக ஆண்டார்கள் என்று ஆகாது. கரைக்கு மண் சுமந்தவர் வயலுக்கு நீர் எப்போதும் கடைசியில் வந்தது, அல்லது அவருக்கு வயலே இல்லை. ஏரியை முன்வைத்துப் பழங்காலத்துக்கு ஏங்குவோர் இதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

தீராமல் நிற்பவை

மூன்று கேள்விகள் இன்னும் திறந்தே இருக்கின்றன. ஒன்று, தலமும் ஊரும் எப்போது இணைந்தன என்பது. பதிகத்தின் வலிதாயத்துக்கும் வருவாய்க் கணக்கின் பாடிக்கும் இடையே பல நூற்றாண்டுகள் இருக்கின்றன. இந்தப் பகுதிக் கோயில் கல்வெட்டுகளை ஏரி, மதகு, நிலவளவு என்ற கண்ணோடு ஒருசேர வாசித்தால் அந்த இடைவெளி குறையலாம். இரண்டு, மிராசுப் பங்குமுறை எவ்வளவு பழையது என்பது. எல்லிஸ் நம்பிய தொன்மைக்கும் இர்ஷிக் சொல்லும் புதுமைக்கும் நடுவே எங்கோ உண்மை இருக்கக் கூடும். எந்தப் பக்கம் அதிகம் என்று சொல்ல ஊர் வாரியான ஒப்பீடு வேண்டும்.

மூன்றாவது இன்றையது. கொரட்டூர் ஏரியில் கழிவு கலப்பதை எதிர்த்துக் குடியிருப்போர் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றிருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர்க்கு அங்கே வயலோ மிராசோ மேரையோ இருந்ததில்லை. வேலைக்காகவும் வீட்டுக்காகவும் வந்து குடியேறியவர்கள் நிறையப் பேர். நிலத்தில் பங்கில்லாமல் நீரில் மட்டும் அக்கறை கொண்ட இந்தக் கூட்டம், மேல் ஏரி, கீழ் ஏரிக்காரர்களோடும் பேசி முடிவெடுக்கிற அளவுக்கு வளருமா, அதற்குக் கலங்கலின் உயரத்தில் சொல் கிடைக்குமா, சேரியாக ஒதுக்கப்பட்டவர்களுக்கும் அதில் சம இடம் இருக்குமா என்பதைப் பொறுத்தே, ஊர் என்ற சொல்லைப் பாடிக்கு இனி எந்தப் பொருளில் வழங்கலாம் என்பது தீர்மானமாகும்.